உட்கார்ந்து வாசிக்க ஓர் இடம்

"மனிதனைத் தேவனாக்குவது சங்கீதம் ஒன்றே. ஆகையால் ஆம்பூர் நகரம் தேவலோகத்துக்கு வெகு சமீபத்தில் அமைந்திருக்கிறது."

1935-ஆம் வருஷக் கடைசியில் அச்சான ஒரு சின்னப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இப்படி இருந்தது. எழுதியவர் ஆம்பூர் சங்கீத சாகர விலாச சபையின் கௌரவக் காரியதரிசி ஆதிகேசவன், தலைமைக் குமாஸ்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். தேவலோகத்துக்கும் ஆம்பூருக்கும் நடுவே வரிசையாகத் தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்ததை அவர் குறிப்பிடவில்லை. சுண்ணாம்புக் குழிகளின் மேலாக வரும் காற்று ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டால், தேவர்களே இறங்கி வந்தாலும் ஒரு கையால்தான் தாளம் போட முடியும். இன்னொரு கை மூக்கில் இருக்கும்.

சபையின் நோட்டீஸ்களில் 'மகா மண்டபம்' என்று வருவது, மக்பூல் அகமது சாயபுவின் தோல் ஷாப்பைச் சேர்ந்த ஆவாரம்பட்டைக் கிடங்கு. தோல் ஊறப்போடுவதற்கான பட்டைக் கட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, மிச்ச இடத்தில் ஜமுக்காளம் விரிப்பார்கள். பட்டைத் தூள் தொண்டையில் இறங்கி, மதராஸிலிருந்து வரும் வித்வான்கள் ஆலாபனை நடுவில் தும்முவார்கள். சபையோர் அதையும் ஒரு சங்கதி என்று எண்ணித் தலையாட்டுவார்கள்.

அந்த வருஷம் கிறிஸ்மஸும் ரம்ஜானும் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்து விழுந்தன. மார்கழி பஜனை வேறு. தோல் ஷாப்புகள் எல்லாம் மூடியிருக்கும். வேலூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டிலிருந்து சொந்தபந்தம் வந்து இறங்கும். தெருவுக்கு ஒரு கச்சேரி நடக்கும். எது எங்கே, எப்போது என்று ஜனங்களுக்கு வழிகாட்ட ஒரு புத்தகம் வேண்டும் என்று சபை ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. நிறைவேற்றிய பிறகுதான் தெரிந்தது, சபையில் ஒருவருக்கும் சபைக் கச்சேரியைத் தவிர வேறு கச்சேரி எதுவும் தெரியாது என்று.

தெரிந்தவர் ஒருவர் ஊரில் இருந்தார். பேண்டு செட் தானியேல். மிஷன் கோயில் பவனியானாலும், பெருமாள் புறப்பாடானாலும், சாயபு வீட்டு மாப்பிள்ளை ஊர்வலமானாலும், சிவப்புக் கோட்டும் பித்தளைப் பொத்தானுமாகக் கிளாரினெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறவர் அவர்தான். பின்னால் பச்சையப்பன் பெரிய டிரம்மை வயிற்றில் கட்டிக்கொண்டு வருவான். இருபது வருஷமாகத் தானியேல் ஊருக்கு முன்னால் நடந்திருக்கிறார். ஆனாலும் அவர் வாசித்து ஒரு பாட்டை முழுதாகக் கேட்டவர் ஊரில் கிடையாது. முதல் தெருக்காரர்களுக்குப் பல்லவி கிடைக்கும். அடுத்த தெருவுக்கு அனுபல்லவி. சரணத்துக்கு வரும்போது ஊர்வலம் போய்ச்சேர வேண்டிய இடம் வந்துவிடும். எல்லாரும் பந்திக்கு ஓடுவார்கள்.

தானியேலுக்கு ஆசை ஒன்றே ஒன்று. மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எதிரே உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்கு ஒரு கீர்த்தனையை முதலிலிருந்து முடிவுவரை வாசித்துக் காட்ட வேண்டும்.

ஆதிகேசவன் அவரை வரவழைத்து வாசலில் நிற்கவைத்துப் பேசினார்.

"தானியேலு, ஒரு பொஸ்தகம் எழுதணும். பேரு என் பேர்ல வரும். விஷயம் மட்டும் உன்னுது."

"எழுதறேன் சார். புத்தாண்டு அன்னிக்கு நம்ம சபை மேடையில எனக்கு ஒரு இடம் குடுங்க."

"மேடையில உனக்கு இன்னா வேல? தோரணம் கட்டணுமா?"

"வாசிக்கணும் சார். உக்காந்து."

ஆதிகேசவன் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பேண்டுக்காரன் உக்காந்தா கல்யாணமே நின்னுடும்டா. உக்காந்து வாசிக்கிறதுக்கு நீ இன்னா வித்வானா?"

"அப்ப பொஸ்தகத்துல எம்பேர போடுங்க. இல்லேன்னா இடம் குடுங்க. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க சார்."

அட்டையில் தன் பெயரை இழப்பதா, மேடையில் ஒரு மூலையை இழப்பதா என்று ஆதிகேசவன் யோசித்தார். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. புத்தாண்டு அன்று பகல் மூன்று மணியைக் கொடுத்தார். ஊரே பிரியாணி சாப்பிட்டுவிட்டுக் குறட்டை விடும் நேரம் அது.

தானியேல் எழுதிக் கொடுத்தார். அச்சுக்கூடத்திலிருந்து மாதிரிப் பக்கங்கள் வந்தபோது, பிழை திருத்துவதற்காகத் தம் முன்னுரையை ஆதிகேசவன் திரும்பத் திரும்பப் படித்தார். அது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போனதால் மற்றப் பக்கங்களுக்கு நேரம் இல்லாமல் போயிற்று. 'மகாஜனங்களுக்கு அடியேன் ஆதிகேசவன் அளிக்கும் சங்கீத வழிகாட்டி' என்ற அட்டையோடு புத்தகம் வெளியானது. உள்ளே இருந்தது இது:

"கிறிஸ்மஸ் காலை, மிஷன் கோயில். பாடகர் குழு நான்கு குரலில் பாடும். மூன்று குரல் ஒன்றோடொன்று சேரும். நான்காவது உபதேசியாருடையது. இடதுபக்கப் பெரிய தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தால் மூன்று மட்டும் கேட்கும்.

"பெருமாள் கோயில், மார்கழி பஜனை, விடியற்காலை. சுருதிப் பெட்டி கிடையாது. பால்கார எல்லம்மா பாடும்போது பெட்டி தேவைப்படாது. இந்த வாரம் ஊரில் நீங்கள் கேட்கப்போகும் நல்ல குரல் அதுதான்; தூக்கத்தை விட்டுப் போகலாம். பனி கொட்டும். தலைக்குத் துண்டு அவசியம்.

"ரம்ஜான். வெள்ளிக்கிழமை பிறை தெரிந்தால் சனி, தெரியாவிட்டால் ஞாயிறு. மக்பூல் அகமது சாயபு பங்களாவில் கவாலி. பாடுகிறவர் முதல் பாட்டில் தொண்டையைச் சரிசெய்வார். இரண்டாவது பாட்டில் ஆர்மோனியக்காரரை முறைப்பார். மூன்றாவது பாட்டுக்கு வேலூரிலிருந்து நடந்தே வரலாம். ஆனால் சேமியாப் பாயசம் முதல் பாட்டிலேயே தீர்ந்துவிடும் என்பதையும் யோசித்துக்கொள்ளவும்.

"திங்கள் மாலை, சங்கீத சபை. மதராஸ் பாகவதர் பாட்டு. நோட்டீஸில் ஆறு மணி என்றிருக்கும். காரியதரிசி உரை முக்கால் மணிக்குக் குறையாது. ஏழு மணிக்குப் போனால் போதும்.

"புத்தாண்டு, பகல் மூன்று மணி, அதே இடம். தானியேல், கிளாரினெட். உட்கார்ந்து வாசிப்பார். சரியான நேரத்துக்கு வரவும். உரை கிடையாது."

ஆம்பூர் ஜனங்கள் அதுவரை எந்த நோட்டீஸையும் நம்பியதில்லை. எல்லா நோட்டீஸிலும் எல்லாரும் கந்தர்வர்களாக இருப்பார்கள். இந்தப் புத்தகத்தை நம்பினார்கள். கிறிஸ்மஸ் அன்று மிஷன் கோயில் கூட்டத்தில் பாதி இடதுபக்கத் தூணுக்குப் பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றது. தம் குரலின் உருக்கம் தாங்காமல்தான் ஜனங்கள் ஒதுங்குகிறார்கள் என்று எண்ணி உபதேசியார் இன்னும் ஒரு பிடி உயர்த்திப் பாடினார். பெருமாள் கோயிலில் விடியற்காலையில் அத்தனை துண்டுகளைப் பார்த்த எல்லம்மா, "இன்னாத்துக்குப்பா இத்தினி பேரு தலையில முக்காடு? இன்னா எழவு விழுந்துச்சு?" என்று கேட்டுவிட்டுத்தான் பாட ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு ஒருவரும் அசையவில்லை. ரம்ஜான் கவாலியில் மூன்றாவது பாட்டுக்குச் சுவர் மேலெல்லாம் ஆள் இருந்தது. பாயசம் முதல் பாட்டு முடிவதற்குள் தீர்ந்தது.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு ஆதிகேசவன் மேடையேறினார். கையில் உரை. எதிரே ஜமுக்காளம். ஜமுக்காளத்தின் மேல் தம்பூராக்காரர் மட்டும் உட்கார்ந்து தம்பூராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மகாஜனங்களே" என்றார் ஆதிகேசவன். தம்பூராக்காரர் பின்னால் திரும்பிப் பார்த்தார். ஆதிகேசவன் உரையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார். ஏழு மணிக்குக் கிடங்கு நிறைந்து, பட்டைக் கட்டுகளின் மேலும் ஜனங்கள் ஏறி உட்கார்ந்தார்கள். பாகவதருக்குத் தும்மல்கூட மறந்துபோயிற்று.

மறுநாள் காலை கிடங்கு வாசலில் ஆதிகேசவன் தானியேலைப் பிடித்துக்கொண்டார். புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இன்னாடா எழுதி வச்சிருக்கே? என் பேர் போட்ட பொஸ்தகத்துல, என் உரைய கேக்க வராதீங்கன்னு நானே சொல்லிக்கிறேனா?"

"நீங்க படிச்சிட்டுதான் அச்சுக்குக் குடுத்தீங்கன்னு நெனச்சேன் சார்."

"வாய மூடு. உன் மூணு மணி கச்சேரி கேன்சல். இடமும் கிடையாது, மேடையும் கிடையாது. போ, போய் நடந்துக்கினே ஊது."

அந்த நேரத்தில்தான் கிடங்குச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு மக்பூல் அகமது சாயபு வந்தார். வரும்போதே சிரிப்பு.

"இன்னா செக்ரட்ரி சார், காலங்காத்தால பேஜாரு? நேத்து கூட்டத்த பாத்தீங்களா? நானும் வருஷா வருஷம் கிடங்கு குடுக்கிறேன், இவ்ளோ ஜாஸ்தி ஜனம் வந்ததே இல்ல. எல்லாம் உங்க பொஸ்தகம் பண்ண வேல. என் வூட்டு பாயசத்த பத்தி எழுதினீங்களே, என் பொஞ்சாதி வுழுந்து வுழுந்து சிரிச்சா. அது கூட பரவால்ல. தன் உரைய தானே கிண்டல் பண்ணிக்கிறதுக்கு ஒரு தில் வேணும் சார். பெரிய மனுசன் நீங்க."

ஆதிகேசவனுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. இதை நான் எழுதவில்லை என்று சொல்லலாம்; அல்லது பெரிய மனுஷனாகலாம்.

"எல்லாம் ஒரு அடக்கந்தான் சாயபு" என்றார்.

"புத்தாண்டுக்கு நம்ம தானியேல் கச்சேரி போட்டிருக்கீங்களே, அதுக்கு கண்டிப்பா வர்றேன். என் கல்யாணத்துக்கு பூரா ஊர்வலமும் வாசிச்ச ஆளு. உக்காந்து நான் பாத்ததே இல்ல."

சாயபு உள்ளே போனதும் ஆதிகேசவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். திங்கட்கிழமை உரை பத்திரமாக இருந்தது.

"சரி. கச்சேரி உண்டு" என்றார். "உரையும் உண்டு."

புத்தாண்டு அன்று தானியேல் வீட்டில் உடை விஷயத்தில் சண்டை.

"சிவப்புக் கோட்ட போட்டுக்கினு போய்யா" என்றாள் அவர் மனைவி ஆரோக்கியமேரி. "இல்லேன்னா யாருக்கும் ஆள் அடையாளமே தெரியாது."

"மேடையில வித்வானுங்க வேட்டிதான் கட்டுவாங்க."

"அவுங்களுக்கு தொப்ப இருக்குது, வேட்டி நிக்குது. உனுக்கு இன்னா இருக்குது? ஊதி ஊதி வயிறு முதுவோட ஒட்டிக்கினு இருக்குது."

கடைசியில் வேட்டியைக் கட்டி, அதன் மேல் தோல் ஷாப்பில் வெட்டி எறிந்த துண்டுத் தோலால் ஒரு பெல்ட்டும் போட்டு, அது தெரியாமல் இருக்க ஜிப்பாவை இழுத்துவிட்டாள். மூன்று நான்கு தடவை அவரைச் சுற்றி வந்து பார்த்தாள். "பரவால்ல, வித்வான் மாதிரிதான் இருக்கே. வாய மட்டும் தொறக்காத" என்றாள். கிளாரினெட் வாசிக்கிறவரிடம் சொல்ல வேண்டிய யோசனை அல்ல அது.

வீட்டில் ஒரு தடவையாவது உட்கார்ந்து வாசித்துப் பழகியிருக்கலாம். தானியேல் பழகவில்லை. கைக்குழந்தைகூடச் செய்கிற காரியத்துக்குச் சாதகம் எதற்கு என்று இருந்துவிட்டார்.

மூன்று மணிக்குக் கிடங்கு நிரம்பிவிட்டது. புத்தகத்தில் சரியான நேரத்துக்கு வரச்சொல்லியிருந்ததால் வந்திருந்தார்கள். முன்வரிசையில் சாயபு, அவருக்குப் பின்னால் பச்சையப்பன், பெண்கள் பக்கத்தில் மேரியும் பால்கார எல்லம்மாவும். மேடையில் தானியேல் சம்மணம் போட்டு, முதுகை நிமிர்த்தி, சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று ஆதிகேசவன் உரை நிகழ்த்தினார். நாதம் எப்படி உண்டாயிற்று என்று தொடங்கி, ரிஷிகள் என்ன செய்தார்கள், சபை என்ன செய்தது, சபையில் ஆதிகேசவன் என்ன செய்தார் என்று உரை இறங்கி வந்தது. இரண்டு உரைக்கு உரிய நேரத்தை ஒன்றுக்கு எடுத்துக்கொண்டார். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள், கால் நீட்டினார்கள், குழந்தைக்குப் பால் கொடுத்தார்கள். தானியேல் மட்டும் அசையவில்லை. வித்வான்கள் அசைய மாட்டார்கள் என்று அவர் கேள்விப்பட்டிருந்தார்.

உரை முடிந்தது. ஆதிகேசவன் ஜனங்களுக்கு நடுவே போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். தானியேல் கிளாரினெட்டை எடுத்தார்.

பல்லவியின் முதல் வரி வந்தது. இரண்டாவது வரியின் பாதியில் மூச்சு முடிந்தது. மறுபடி ஆரம்பித்தார். மறுபடி அதே இடத்தில் அறுந்தது. இருபது வருஷமாக அவருக்கு மூச்சைக் கணக்கு வைத்துக் கொடுத்தவை கால்கள். இடது கால் விழும்போது எடுப்பு, இத்தனை அடிக்கு ஒரு மூச்சு, வீட்டுக்கு ஒரு நிறுத்தம், ஆரத்தி, மாலை, மறுபடி நடை. இங்கே வீடுகள் நகரவில்லை. ஜனங்கள் குத்துக்கல் மாதிரி எதிரே உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் தடவை சுரம் கீச்சென்று போய், பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"பாத்தீங்களா சாயபு" என்றார் ஆதிகேசவன், எல்லாருக்கும் கேட்கிற மாதிரியான ரகசியக் குரலில். "இவங்களுக்கு ரோடுதான் லாயக்கு."

தானியேல் வாத்தியத்தை மடியில் வைத்தார். எழுந்துவிடப் போகிறார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பச்சையப்பன்தான் முதலில் எழுந்தான்.

"அண்ணே, எழுந்திருக்காத" என்றான். "நீ உக்காரு. நாங்க நடக்கிறோம்."

சொல்லிவிட்டு, வயிற்றில் டிரம் இல்லாமலே, டிரம் இருப்பதுபோல் சற்றுப் பின்னால் சாய்ந்து, ஊர்வல நடையில் மேடைக்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போனான்.

"எல்லம்மாக்கா, வா" என்று மேரி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பின்னால் போனாள். எல்லம்மா எழுந்தாள். முன்வரிசை எழுந்தது. அதற்குப் பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தானியேல் ஊதினால் எந்த நடை போட வேண்டும் என்பது ஆம்பூரில் பிறந்தவர்களுக்குத் தெரியும். சாயபு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தபா மாப்பிள்ளையாவறேன்" என்று சேர்ந்துகொண்டார். கிடங்குத் தூண்களைச் சுற்றி, பட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் போய், மேடைக்கு முன்னால் திரும்பி வந்து, ஊர் வட்டமாக நடந்தது. தூள் கிளம்பிற்று. எல்லாரும் தும்மினார்கள், நடையை மட்டும் விடவில்லை.

ஆதிகேசவனின் நாற்காலி வழியில் இருந்தது. கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்து கூட்டத்தை முறைத்தார். மூன்றாவது முழங்கை மேலே பட்டதும் எழுந்து ஒதுங்கினார். ஒதுங்கிய இடமும் வழியாக இருந்தது. நகர்ந்து நகர்ந்து பச்சையப்பனுக்கும் முன்னால் வந்துவிட்டார். பார்க்கிறவர்களுக்கு ஊர்வலத்தை நடத்துவதே அவர்தான் என்று தோன்றியது. ஒரு சுற்று போனதும் அவருக்கும் அப்படியே தோன்றியது. கையை வீசி நடந்தார்.

தானியேலுக்கு எதிரே முகங்கள் நகர்ந்தன. தோள்கள் ஏறி இறங்கின. கிளாரினெட்டை மறுபடி எடுத்தார். அவருடைய மூச்சு அந்தத் தோள்களோடு சேர்ந்துகொண்டது. பல்லவி தடங்கல் இல்லாமல் போயிற்று. அனுபல்லவி மேலே ஏறியது. பிறகு சரணம் வந்தது, ஆம்பூர் அதுவரை கேட்காத பகுதி. முதல் வரியிலேயே நடை தளர்ந்தது. நடந்தவர்கள் ஒவ்வொருவராக எந்த இடத்தில் இருந்தார்களோ அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். சாயபு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், யாரும் கவனிக்கவில்லை. தானியேல் கண்ணை மூடியிருந்தார். ஊர் நின்றது அவருக்குத் தெரியாது. பாட்டு பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. கடைசி வரியை அவசரம் இல்லாமல் இரண்டு தடவை வாசித்து, கீழே கொண்டுவந்து, முடித்தார்.

சாயபுதான் முதலில் தும்மினார்.

"யா அல்லா" என்றார் சாயபு. "இந்தப் பாட்டுக்கு இப்பிடி ஒரு முடிவு இருக்குதா! இத நடுரோட்ல விட்டுட்டு தினம் தினம் பிரியாணிக்கு ஓடினமே."

"இன்னொண்ணு வாசி தானியேலு" என்று எல்லம்மா குரல் கொடுத்தாள். "உக்காந்துக்கினுதான் இருக்கிறோம். பால் கறக்க நேரம் இருக்குது." அவர் இன்னொன்றும் வாசித்தார்; அதற்கு யாரும் நடக்க வேண்டியிருக்கவில்லை. மேரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் இருந்தவளிடம் தூள் விழுந்துவிட்டது என்று சொன்னாள்.

ஆதிகேசவன் மேடையேறினார். ஆம்பூரில் உள்ள வாத்தியக்காரர்கள் எல்லாரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும் என்பது தம்முடைய நெடுநாளைய யோசனை என்றும், வருகிற கிறிஸ்மஸ் வாரத்தில் மாலை ஆறு மணிக் கச்சேரி தானியேலுடையது என்றும் அறிவித்தார். சாயபு கை தட்டினார். எல்லாரும் தட்டினார்கள். அப்போதைக்கு அவர் சொன்னதை மனப்பூர்வமாகத்தான் சொன்னார்.

பிறகு பாகவதருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஒரு சரிகைத் துண்டைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு, "வித்வான் எழுந்து வந்து பெற்றுக்கொள்ளணும்" என்றார். 'நீ' போய் 'வித்வான்' வந்திருந்தது.

தானியேல் எழுந்திருக்கவில்லை. ஆதிகேசவன் மறுபடி அழைத்தார். தானியேல் புன்னகையோடு கைகூப்பினார், உட்கார்ந்தபடியே. மேடை கௌரவம் என்றால் இதல்லவா என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். ஆதிகேசவன், வேறு வழி இல்லாமல், தாமே குனிந்து அவர் தோளில் துண்டைப் போர்த்தினார்.

தானியேலின் இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன. கூட்டம் கலைந்த பிறகு, பச்சையப்பனும் மேரியும் அவரைச் சம்மணம் போட்ட நிலையிலேயே தூக்கிக்கொண்டுபோய் வாசலில் வைத்தார்கள்.